இரண்டு இடது கை

முசிறி
4.3.2024

அன்புள்ள சம்பந்தியம்மா மணிமேகலை அவர்களுக்கு வள்ளிக்கண்ணு எழுதுவது. இங்கே என் வலது தோளைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே நீங்கள், சம்பந்தி ஐயா, மாப்பிள்ளை, என் மகள், அவள் வயிற்றில் இருப்பது, ஐந்து பேரின் சுகத்துக்கும் எழுதவும்.

கையில் போன் இருக்க இவளுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பீர்கள். எல்லாம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் டோரதி என்ற பெண்ணின் வேலை. பெல்ட் கட்டிய கையை மேஜையில் வைத்து, முழங்கையை ஊன்றி, தினம் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். இல்லையென்றால் விரலும் மணிக்கட்டும் இறுகிப்போகுமாம். நான் ஐந்தாவதோடு நின்றவள், என்ன எழுதுவது என்று கேட்டேன். “யார் மேலயாவது பொறாமை இருந்தா அவங்களுக்கு எழுதுங்கம்மா, பக்கம் தானா நிறைஞ்சிடும்” என்றாள். உடனே உங்கள் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பானுவுக்கு மூன்று மாதம் முடிந்தது என்று பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பினேன் அல்லவா, அந்த பஸ்ஸில்தான் நடந்தது. குணசீலம் தாண்டி ஒரு எருமை குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் அடித்தார். மேல் கம்பியைப் பிடித்திருந்த என் கை கம்பியோடு நின்றுவிட்டது, நான் மட்டும் முன்னால் போனேன். தோள் எலும்பின் குண்டு அதன் கிண்ணத்தை விட்டு இறங்கிவிட்டது. அதை ஏற்றி வைத்துவிட்டார்கள். ஆனால் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்ததாம். எங்கள் வீட்டுக்காரர் பிச்சைமுத்துதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தார் போட்ட வாழை சாயாமல் கயிறு இழுத்துக் கட்டுவோமே, ஜவ்வு அந்தக் கயிறு. பிய்ந்த கயிறு மறுபடி முறுக்கேறுகிற வரை தாரை ஏற்றக்கூடாது.

நான்கு வாரம் பெல்ட். பிறகு பயிற்சி. கனம் தூக்க ஐந்து மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். ஆகஸ்டு நடுவில் பானுவுக்குப் பிரசவம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக வருகிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். பிள்ளையைக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றப்போவது நான். என் அக்கா தங்கச்சி பிள்ளைகள் ஏழு பேர் இந்தக் காலில் குளித்தவர்கள்தான். இதை இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் பேச்சு வரக்கூடாது.

உங்களிடம் ஒன்று கேட்க மறந்தேன். உங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடு கோடாக இருக்கிறதே, மாப்பிள்ளை சின்னதில் வளர்ந்ததை அளந்ததா? அதற்கு மேல் இரண்டு தடவை வெள்ளையடித்திருப்பீர்களே.

இன்னொன்று. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது நான் இரண்டு கையாலும் நீட்டினேன், நீங்கள் இடது கையால் வாங்கினீர்கள். எங்கள் சனம் இன்னும் பேசுகிறது. இப்போது எனக்கும் இடது கைதான் உண்டு. நானும் உங்களைப் போலப் பெரிய மனுஷி ஆகிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். என் மகளை அதைவிடப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வள்ளிக்கண்ணு


ஸ்ரீரங்கம்
9.3.2024

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ரங்கநாதர் புண்ணியத்தில் நாங்கள் நலம். உங்கள் தோள் சீக்கிரம் ஆற வேண்டும் என்று தாயார் சன்னதியில் வேண்டிக்கொண்டேன்.

படுக்கும்போது மல்லாந்து படுத்து, முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள். கை பின்னால் சரியாது. குளிக்கும்போது மட்டும் பெல்ட்டைக் கழற்றுங்கள், அப்போதும் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வலி நின்றதுபோல இருக்கும். கழற்றி எறியத் தோன்றும். அந்தச் சமயத்தில்தான் கழற்றவே கூடாது.

பானுவுக்குக் குமட்டல் நின்றுவிட்டது. ரசம் சாதமும் நார்த்தங்காயும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறாள். தலைக்கு நான்தான் எண்ணெய் வைக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை முருகானந்தம் ஒன்று கேட்டான். உங்கள் கை இப்படி இருக்கும்போது பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன என்று. ஆஸ்பத்திரியும் பக்கம். நான் சொல்லவில்லை, அவன்தான் கேட்டான். உங்கள் விருப்பம்.

சம்பந்தி அண்ணனுக்கு எங்கள் வணக்கம்.

மணிமேகலை


முசிறி
14.3.2024

சம்பந்தியம்மாவுக்கு வள்ளிக்கண்ணுவின் வணக்கம். தோள் அப்படியே இருக்கிறது. வயிறுதான் எரிகிறது, அதற்கு டோரதியிடம் பயிற்சி இல்லையாம்.

மாப்பிள்ளை கேட்டாரா, இல்லை மாப்பிள்ளை வாயில் நீங்கள் வைத்துக் கேட்கவைத்ததா? அவருக்குத் தன் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது, பிரசவம் எந்த ஊரில் என்று அவருக்கு எங்கிருந்து யோசனை வரும்? நடக்காது சம்பந்தியம்மா. ஒரே மகள். அவளுக்குத் தலைப்பிரசவம் பார்க்காமல் நான் எதற்கு இருக்கிறேன்? முசிறியிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டரம்மா கையில் ராசி இருக்கிறது.

நேற்று பானு போன் பண்ணினாள். எண்ணிக்கொண்டே கேட்டேன். “அத்தை” பதினோரு தடவை வந்தது, “அம்மா” இரண்டு தடவை. அதில் ஒன்று கொட்டாவி விடும்போது வந்தது. அத்தை பால் ஆற்றித் தந்தாங்க, அத்தை கால் பிடிச்சு விட்டாங்க. அவள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடும் நார்த்தங்காய் நான் போட்டது, அது உங்களுக்கும் தெரியும். ஜாடி என்னுடையது. பேர் மட்டும் உங்களுக்கு.

தலையணை வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, மூன்று வாரத்துக்குப் பிறகு நேற்றுதான் தூங்கினேன். அதுவும் வயிற்றெரிச்சல். இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது? டோரதிக்கே பொறுக்கவில்லை, “அந்தம்மாவுக்கு இவ்வளவு நுணுக்கமா எப்படித் தெரியும்” என்று கேட்டாள்.

எல்லாரும் சுகமாக இருக்கவும். என்னைவிடக் கொஞ்சம் குறைவாக.

வள்ளிக்கண்ணு


ஸ்ரீரங்கம்
2.4.2024

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எல்லாரும் நலம்தான்.

தலையணை விஷயம் தெரிந்த ஒருத்தர் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அசைந்தது. பானு என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். மீன் துள்ளுவது மாதிரி இருந்தது. உங்களுக்கு உடனே போன் போட்டோம், நீங்கள் எடுக்கவில்லை. கோயிலுக்குப் போயிருந்ததாக அண்ணன் சொன்னார். இதை மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தால் அதுவும் தப்பு என்று எழுதிவிட்டேன்.

அவள் உங்கள் பழைய நூல்சேலை ஒன்றைத் தலையணைக்கு உறை மாதிரி சுற்றி வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். நான் துவைத்துத் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டாள்.

வளைகாப்பு ஆனி மாதக் கடைசியில் வைக்கலாம் என்று அவர் நாள் பார்த்திருக்கிறார். ஆடி பிறப்பதற்கு முன் நீங்கள் அழைத்துப்போகலாம். கை சரியாகியிருந்தால்.

மணிமேகலை


முசிறி
12.4.2024

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு, சேலைச் செய்தி எழுதினீர்களே, அதற்காக உங்களுக்கு ஒரு படி ஆயுசு கூடட்டும். பிள்ளை அசைந்ததை எழுதினீர்களே, அதற்கு அரைப் படி குறையட்டும். அவள் பிடித்து வைத்துக்கொண்டது எந்தக் கையை? உங்களுக்குத்தான் எதற்கும் இடது கை ஆயிற்றே.

பெல்ட் போய் மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் சொன்னபடியே கழற்றத் தோன்றியது, கழற்றாமல் இருந்தேன். இப்போது பயிற்சி. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு யானை தும்பிக்கையை ஆட்டுவது மாதிரி ஆட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து வாழைப்பழம் நீட்டுகிறார். அடுத்தது, சுவரில் விரலால் நடந்து மேலே ஏறுவது. இன்றைக்கு எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு. நாளைக்கு அதைத் தாண்ட வேண்டும். முதல் கோடு இடுப்புக்கு. இப்போது மூக்குக்கு நேராக வந்துவிட்டேன். தலைக்கு மேல் போனால்தான் ஜவ்வும் தோளும் வழிக்கு வந்ததாக அர்த்தம் என்கிறாள் டோரதி. பாதியிலேயே நின்றுபோகிறவர்களும் உண்டாம்.

ஒரு ரகசியம். எனக்கு ஒரு பயிற்சிப் பிள்ளை கிடைத்திருக்கிறது. நிறம் கொஞ்சம் சாம்பல். எடை மூன்று கிலோ, தராசில் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். அழவே அழாது. உங்கள் வீட்டுச் சாயல் துளியும் இல்லை. மீதியை நேரில் சொல்கிறேன்.

இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கும்,

வள்ளிக்கண்ணு


ஸ்ரீரங்கம்
16.4.2024

சம்பந்தியம்மாவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. பயிற்சிப் பிள்ளை என்றால் என்ன என்று யோசித்து எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம். சாம்பல் பூசணியோ, வேறு எதுவோ, கனத்தைப் பிடித்துக்கொண்டு கையை வெளிப்பக்கம் திருப்பாதீர்கள். ஆறியது மாதிரி தெரியும், உள்ளே ஆறியிருக்காது. பிள்ளையைக் காலில் குப்புறத் திருப்பிப் போடும் அந்தத் திருப்பலில்தான் தோள் போகும்.

இதை நான் பொறாமையில் எழுதவில்லை. தயவுசெய்து நம்புங்கள்.

மணிமேகலை


முசிறி
22.5.2024

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். இங்கே எல்லாம் நலம். தோள் நன்றாக இருக்கிறது. தோட்டத்தில் வேலை அதிகம், அதனால்தான் ஒரு மாதமாக எழுதவில்லை. பானுவிடமும் அப்படியே சொல்லவும். போனில் பேசினால் குரல் கம்மியிருக்கிறது என்கிறாள், சளிதான். வீடியோவில் வரச் சொல்கிறாள், போனில் கேமரா ரிப்பேர்.

கோடு தலைக்கு மேல் போய்விட்டது.

வள்ளிக்கண்ணு


ஸ்ரீரங்கம்
26.5.2024

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பானுவும் பிள்ளையும் நலம். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். முதலில் அதை எழுதிவிட்டால் நீங்கள் மற்றதை நிதானமாகப் படிப்பீர்கள்.

உங்கள் கடுதாசியை அவளிடம் காட்டவில்லை. பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

வலது கையால் எழுதுகிறவர்கள் தாளில் மை இப்படி இழுபடாது. இடது கையால் எழுதினால், எழுதிய எழுத்தின் மேலேயே உள்ளங்கை போகும், வரி முழுவதும் தேய்ந்துவிடும். எனக்குத் தெரியும்.

என்ன ஆயிற்று? எனக்கு மட்டும் எழுதுங்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன், முருகானந்தத்திடம்கூட.

மணிமேகலை


முசிறி
31.5.2024

சம்பந்தியம்மாவுக்கு,

இதுவும் இடது கைதான். தேய்ந்தால் தேயட்டும்.

பூசணி வேண்டாம் என்று எழுதிய உங்கள் கடுதாசி வந்தது, படித்தேன், மடித்து அரிசிப் பானையில் போட்டேன். இந்தம்மாவுக்கு என் மகளை வைத்துக்கொள்ள ஆசை, அதனால் பயமுறுத்துகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் பத்து நாள் பூசணியைத் தொடாமல் அடக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு பானு போனில் “அத்தை குட்டித் துண்டு நாலு தைச்சிருக்காங்கம்மா” என்றாள். உங்களுக்குத் தையல் வேறு வருமா. போனை வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்து, பூசணியைத் துண்டில் சுற்றிக் காலில் போட்டு, எண்ணெய் தடவி, வெந்நீர் ஊற்றினேன். முதுகுக்கு ஊற்ற வேண்டுமே என்று திருப்பினேன். எண்ணெய்ப் பூசணி வழுக்கியது. பிள்ளை விழுந்துவிட்டது என்றுதான் மனசு நினைத்தது, பூசணி என்று நினைக்கவில்லை. எட்டிப் பிடித்தேன். தோளில் கயிறு அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. பூசணி இரண்டாகக் கிடந்தது. நான் அதைப் பார்த்து அழுதேன் சம்பந்தியம்மா. வலிக்காக இல்லை.

மறுபடி முதலிலிருந்து. பெல்ட்டுக்கு மேல் இன்னொரு கட்டு, விரலை மட்டும் ஆட்டலாம், பேனா பிடிக்கக் கூடாது. டோரதி திட்டவில்லை, அதுதான் கஷ்டம். ஆகஸ்டில் பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டேன். உட்கார்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளலாம், குளிப்பாட்டுவதை மறந்துவிடுங்கள் என்றாள்.

ஆகவே நீங்கள் ஜெயித்தீர்கள். பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுத ஒரு மணி நேரம் ஆனது, கை மட்டும் காரணமில்லை.

இனி நான் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். சும்மா கிடக்கும்போது என் சுவர்க் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே அகலம் அகலமாக இருக்கிறது, மேலே போகப்போக நெருக்கமாக. உங்கள் கதவுக்குப் பின்னால் இருப்பதும் அப்படித்தான் இருந்தது. பிள்ளை வளர்ந்த கோடு அப்படி நெருங்கி நெருங்கி வந்து கண்ணுக்கு நேரே நின்றுபோகாது, மாப்பிள்ளை கதவு நிலை உயரம் இருக்கிறார். தலையணை சொன்ன தெரிந்த ஒருத்தர் யார்? இடது கை மை எப்படித் தெரியும்? அந்தத் தட்டை ஏன் இடது கையால் வாங்கினீர்கள்?

நான் இரண்டு வருடமாக ஊர் முழுக்கச் சிரித்துச் சொன்னது எதைப் பற்றி என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வள்ளிக்கண்ணு


ஸ்ரீரங்கம்
18.6.2024

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எல்லாரும் நலம். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். உங்களுக்கு ஆன அதே தோள், அதே ஜவ்வு. பெல்ட் கட்டினார்கள். நிச்சயத்தன்று காலையில் கழற்றிப் பீரோவில் வைத்தேன். பெண் வீட்டார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. மாமியார் நோயாளி, நம் பெண் போய் இவளுக்குச் சிசுருஷை செய்யவா என்று நீங்கள் நினைத்துவிடுவீர்களோ என்று பயம். அதுவும் நீங்கள் அன்றைக்கு வாசலில் இறங்கும்போதே இரண்டு கையாலும் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். தட்டு கனமாக இருந்தது. வலது கை எழவில்லை. கீழே போட்டுவிடுவேனோ என்று இடது கையை நீட்டினேன். அவருக்கும் முருகானந்தத்துக்கும் தோள் இறங்கியது தெரியும், முழுசாக ஆறிவிட்டதாக நினைக்கிறார்கள்.

பிறகு கல்யாண வேலை. பெல்ட்டை மறுபடி கட்டவே இல்லை. ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாமல் கதவுக்குப் பின்னால் கோடு போட்டேன். கண்ணுக்கு மேல் ஏறவில்லை. விட்டுவிட்டேன். பரணிலிருந்து பாத்திரம் எடுக்க, கொடியில் துணி போட எல்லாம் பானுவைத்தான் கூப்பிடுகிறேன். மாமியார் அதிகாரம் செய்கிறார் என்று நினைத்திருப்பாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். பிப்ரவரியில் உங்கள் தோள் இறங்கியது என்று அண்ணன் போன் செய்தபோது, ஐயோ என்று சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. இனி பானு இங்கேயே இருப்பாள், பிள்ளை இந்த வீட்டில் கண் விழிக்கும் என்று. அந்த ஒரு நொடிக்காகத்தான் தலையணை, பெல்ட் என்று எல்லாம் எழுதினேன். பயிற்சிப் பிள்ளை என்று நீங்கள் எழுதியபோது பதறியதும் அதனால்தான். நான் நினைத்தது பலித்துவிடக்கூடாதே என்று.

இப்போது நீங்கள் ஜெயித்தீர்கள் என்று எழுதுகிறீர்கள். இந்தக் கையால் நானும் பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாது. மூன்று மாதமாக அதை மறைத்துக்கொண்டுதான் துண்டு தைத்தேன்.

வேறொன்றும் இல்லை. கோபம் இருந்தால் எழுதுங்கள், எழுதாமல் இருக்காதீர்கள்.

மணிமேகலை


முசிறி
22.6.2024

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடுதாசியை எங்கள் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது நீங்கள்தான், நான் இல்லை. அவர் கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே மரத்து வாழை” என்று எழுந்து போய்விட்டார்.

நீங்கள் சந்தோஷப்பட்ட ஒரு நொடிக்கு நான் என்ன சொல்ல. மே மாதம் முழுக்க, உங்களுக்கு ஒரு சின்னக் காய்ச்சலாவது வரக்கூடாதா, பானு “அம்மா வீட்டுக்குப் போறேன்” என்று கிளம்பமாட்டாளா என்று நான் காவேரிக் கரைப் பிள்ளையாரிடம் கேட்டேன். உங்களுடையது ஒரு நொடி, என்னுடையது ஒரு மாதம். தேங்காய்கூட உடைத்தேன்.

தட்டுப் பேச்சுக்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் சரியாக வரும்.

இப்போது காரியம். பிரசவம் முசிறியில்தான், எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வளைகாப்பு முடிந்து பானுவை அழைத்துவரும்போது நீங்களும் பெட்டி கட்டிக்கொண்டு வர வேண்டும். சம்பந்தி பெண் வீட்டில் வந்து தங்குவதா என்று உங்கள் பக்கம் பேசுவார்கள். பேசட்டும், இரண்டு வருடமாக என் பக்கம் பேசியது போதாதா. சம்பந்தி ஐயாவும் மாப்பிள்ளையும் மெஸ்ஸில் சாப்பிடட்டும்.

அதற்கு முன்னால் புதன்கிழமை டோரதியிடம் வாருங்கள். பிந்திப்போனாலும் இறுகிய தோளைக் கொஞ்சம் இளக்கலாம் என்கிறாள். வராவிட்டால் கோடு விஷயத்தை பானுவிடம் சொல்லிவிடுவேன்.

வயிற்றெரிச்சல் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிள்ளை முதலில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வள்ளிக்கண்ணு


முசிறி
26.9.2024

அன்புள்ள சம்பந்தியம்மா மணிமேகலை அவர்களுக்கு வள்ளிக்கண்ணு எழுதுவது. நான், என் தோள், உங்கள் மருமகள், நம் பேத்தி எல்லாரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினீர்களே, உட்கார இடம் கிடைத்ததா, கம்பியைப் பிடிக்காமல் போனீர்களா?

வலது கையால்தான் எழுதுகிறேன், பார்த்தீர்களா, மை தேயவில்லை.

செவ்வாய்க்கிழமை டோரதி தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளையின் எடையைக் கேட்டாள். நான்கு கிலோ இருநூறு என்றேன். “உட்கார்ந்துகிட்டுத்தானே, தாராளமா குளிப்பாட்டுங்க” என்றாள். ஏழு மாதம் இந்த ஒரு சொல்லுக்குத்தானே. பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

நேற்றுக் காலையில் கொல்லையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். பானு பிள்ளையைக் கொண்டுவந்து போட்டாள். நாற்பது நாள் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குளிப்பாட்டினோமே, என் கால், என் இடது கை தலையைப் பிடிக்க, உங்கள் இடது கை தண்ணீர் மொண்டு ஊற்ற. உங்கள் கை என் கையை இடிக்கும், நான் ஒன்று சொல்வேன், நீங்கள் உதட்டைக் கடிப்பீர்கள். நேற்று அந்த இடைஞ்சல் எதுவும் இல்லை. இரண்டு கையும் என்னுடையது. தோள் ஒரு முனகல்கூட இல்லை. எண்ணெய் தேய்த்தேன், தண்ணீர் ஊற்றினேன், திருப்பினேன், வழுக்கவில்லை.

உங்கள் பேத்தி கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நல்லதம்பி வேலியருகே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். தண்ணீர் சூடா என்று பார்த்தேன், இல்லை. எறும்பா என்று பார்த்தேன், இல்லை. எதிர்ப்பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே அழுகிறது. அங்கே நீங்கள் உட்காரும் மணைக்கட்டை மட்டும் கிடக்கிறது. “அத்தையத் தேடுதும்மா” என்றாள் பானு, ஒரு தயவு தாட்சண்யம் இல்லாமல்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் பிள்ளை அசைந்ததை நீங்கள் மறைக்காமல் எழுதினீர்களே, அந்தக் கடன் என் மேல் இருக்கிறது. எழுதிவிட்டேன். அடிவயிறு எரிகிறது. இன்று காலையும் குளிப்பாட்டினேன், பாதியில் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இடது கையால் மட்டும் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அழுகையை நிறுத்தி அந்தக் கையையே பார்த்தது. பிறகு கண்டுபிடித்துவிட்டது.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாருங்கள். புதன்கிழமைப் பயிற்சியை விடாதீர்கள். உங்கள் கோடு புருவத்துக்கு ஏறியதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “அம்மா கதவைத் திறந்துவச்சுக்கிட்டுத்தான் கோடு போடுறாங்க” என்றார். அந்தச் செய்திக்கு மட்டும் எனக்கு வயிறு எரியவில்லை.

ஐந்து மாதம் முடிந்து, தையில், பிள்ளையையும் தாயையும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட வேண்டும். சீர்த்தட்டு இருபத்தொன்று. முதல் தட்டு நான்தான் நீட்ட வேண்டும், நீங்கள்தான் வாங்க வேண்டும். உங்கள் தெரு, எங்கள் சனம், எல்லாரும் நிற்பார்கள். அன்றைக்கு எனக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கும், டோரதி எழுதியே கொடுப்பாள்.

ஆனாலும் நான் இடது கையால்தான் நீட்டுவேன். தட்டில் கனம் அதிகம் வைக்கமாட்டேன். நீங்களும் இடது கையாலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
வள்ளிக்கண்ணு